கிராஃப் எல்லாம் பச்சை, ஆப் மட்டும் படுத்துவிட்டது: உங்களை இன்னும் உறுத்தும் ஒரு சம்பவம்?

இரவு ஆன்கால்

மூன்று வருடம் ஆகிவிட்டது, இன்னும் உறுத்துகிறது. மாதம் 5ஆம் தேதி, தவணை வசூல் நாள். ஆப் விழுந்ததும் கூடிய வார்ரூம் காலில் இருபது பேர். சிபியு 12 சதவீதம், ஹீப் (ஜாவாவின் மெமரி) பாதிகூட நிரம்பவில்லை, அதைச் சுத்தம் செய்யும் ஜிசியும் அமைதி. டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் டிபிஏ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை “டேட்டாபேஸ் சும்மாதான் இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தார், தன் பிள்ளை எந்தத் தப்பும் செய்யாது என்கிற தோரணையில். நான் சிபியு கிராஃபையே மூன்று மணி நேரம் வெறித்துக்கொண்டிருந்தேன்.

அதுவரை வாயே திறக்காத ஒரு பெண், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவள், மெதுவாகக் கேட்டாள்: “அண்ணா, ஃபெயில் ஆன ரிக்வெஸ்ட் எல்லாமே 30 செகண்டும் கொஞ்சமும் எடுத்திருக்கு. ஒண்ணுகூட 27 இல்ல, 34 இல்ல. அது ஏன் கரெக்டா 30?”

“இரும்மா, அதை அப்புறம் பார்க்கலாம்” என்றேன்.

நாற்பது நிமிடம் கழித்து வேறு வழியில்லாமல் த்ரெட் டம்ப் எடுத்தோம், அதாவது ஆப்பின் ஒவ்வொரு த்ரெட்டும் (வேலையாள் மாதிரி) அந்தக் கணத்தில் என்ன செய்கிறது என்ற பட்டியல். ஆப்பை ஓட்டும் டாம்கேட் சர்வரின் 200 த்ரெட்டில் ஏறக்குறைய எல்லாமே, டேட்டாபேஸ் இணைப்புகளைப் பங்கிட்டுத் தரும் ஹிகாரி பூலின் வாசலில் கனெக்‌ஷனுக்காக வரிசையில் நின்றன. ஹிகாரியை யாரும் தொடாமல் விட்டால் 10 கனெக்‌ஷன்தான், காத்திருப்பு 30,000 மில்லி வினாடி, அவள் கேட்ட அதே 30 செகண்ட். அந்தப் பத்தும் எங்கே? ட்ரான்ஸாக்‌ஷனுக்குள்ளேயே எஸ்எம்எஸ் கேட்வேயைக் கூப்பிடும் ஒரு வரி இருந்தது, டைம்அவுட் (காத்திருக்க ஒரு வரம்பு) இல்லாமல்; அது முடியும்வரை கையில் பிடித்த இணைப்பை விடாது. கேட்வே அன்று ஆமை. பத்து கனெக்‌ஷனும் எஸ்எம்எஸ் போய்ச் சேருவதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தன. டேட்டாபேஸ் சும்மா இருந்ததே அதனால்தான்.

பாட் மேய்ப்பவன்

டேட்டாபேஸ் சும்மா இருக்கிறது என்று டிபிஏ சொன்ன உடனேயே பூல்மீது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? மூன்று மணி நேரம் சிபியு பார்த்தேன் என்று வெளியில் சொல்லவே ஒரு தைரியம் வேண்டும். அப்புறம் பூலை 50 ஆக்கிவிட்டு எல்லாரும் தூங்கப் போயிருப்பீர்கள், சரிதானே?

என்னுடையது 5 வினாடி. பாட் என்ற சின்னப் பெட்டிகளில் ஆப்பை ஓட்டும் குபெர்னெட்டீஸுக்கு மாறிய முதல் மாதம். நூறில் ஒரு ரிக்வெஸ்ட் 5 வினாடி தாமதம், மற்றதெல்லாம் 40 மில்லி வினாடியில் முடிந்துவிடும். ஆப் டீம் நெட்வொர்க் என்றது, நெட்வொர்க் டீம் ஆப் என்றது. கடைசியில் பாட்டுக்குள் நுழைந்து போய் வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் போட்டேன். இன்றும் அந்தக் கறுப்புத் திரை கண்ணில் நிற்கிறது: ஒரே பெயருக்கு ஐபிவி4 முகவரி கேட்டு ஒரு டிஎன்எஸ் கேள்வி (பெயரை முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ்தான்), ஐபிவி6 முகவரி கேட்டு இன்னொன்று, இரண்டும் ஒரே கணத்தில் வெளியே போகின்றன. ஒன்றுக்கு மட்டும் பதில் வருகிறது. பிறகு ஒன்றுமே இல்லை. வெறும் கர்சர். ஐந்து வினாடி கழித்து அதே கேள்வி மறுபடியும்.

இணைப்புகளைக் கண்காணிக்கும் லினக்ஸின் கான்ட்ராக்கில் இரண்டு பாக்கெட்டும் முட்டிக்கொண்டு ஒன்று தொலைந்துபோகும். டிஎன்எஸ் கேள்வி கேட்கும் ரிசால்வரின் டிஃபால்ட் பொறுமை 5 வினாடி. ஒவ்வொரு நோடிலும் (மெஷினிலும்) டிஎன்எஸ் கேஷ் வைத்ததும் தொல்லை போனது. எந்த டேஷ்போர்டிலும் டிஎன்எஸ்ஸுக்கு ஒரு கட்டம்கூட இல்லை என்பதுதான் எரிச்சல்.

பழைய சர்வர் ரூம்

ஐந்தும் முப்பதும் இருக்கட்டும். 2012 ஜூலை 1, ஞாயிறு, காலை ஐந்தரை. அப்போது வேலையில் இருந்தவர்களுக்குத் தேதி சொன்னாலே போதும்.

டேட்டா சென்டர் இரவு ஆபரேட்டர் போன் செய்தார்: “சார், எல்லா டப்பாவும் ஒண்ணா கத்துது.” போனிலேயே கேட்டது, ஏசி இரைச்சலையும் மீறி ஃபேன்கள். ஜாவா ஓடும் அத்தனை மெஷினிலும் சிபியு உச்சத்தில். ஞாயிறு விடியற்காலை, டிராஃபிக்கே கிடையாது. டாம்கேட்டை நிறுத்தி ஏற்றினேன், மறுபடியும் அதே கதை.

அன்று உலக நேரத்தில் பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக ஒரு லீப் செகண்ட், அதாவது ஒரு வினாடி கூடுதலாகச் சேர்த்தார்கள். 23:59:60, நமக்கு அது காலை 5:30. கடிகாரம் ஒரு வினாடி பின்னால் போனதை லினக்ஸ் கெர்னல் தன் டைமர்களுக்குச் சொல்ல மறந்துவிட்டது. கொஞ்ச நேரம் தூங்கு என்று சொன்ன த்ரெட்டெல்லாம் படுத்த மறுநொடியே எழுந்து, மறுபடி படுத்து, மறுபடி எழுந்து... வைத்தியம் என்ன தெரியுமா? மெஷினிடம் இப்போதைய நேரத்தைக் கேட்டு, அதே நேரத்தை அதற்கே திருப்பி வைக்க வேண்டும். ஒரே வரி. என்டர் தட்டினேன், ஆபரேட்டர் போனில் “சார், அடங்கிடுச்சு” என்றார்.

பி99 பக்தன்

மேலே ஃபேன் சத்தம் கேட்டவருக்கு: கிளவுடில் எந்த ஃபேன் கேட்கும், ஐயா? முதல் பதிவருக்கு: நீங்கள் பார்க்க வேண்டியது சிபியு இல்லை, லேட்டன்ஸி (பதில் வர ஆகும் நேரம்) பரவல். எங்கள் இடத்தில் சராசரி 180 மில்லி வினாடி என்று டிவியில் பெரிதாக ஓடிக்கொண்டிருக்கும், வாடிக்கையாளர் திட்டிக்கொண்டே இருப்பார். என் கதை அவ்வளவுதான். ஆனால் சில விஷயங்களைச் சொல்லாமல் போக மனமில்லை.

சராசரியை முதலில் தூக்கிப் போடுங்கள். ஒரு பக்கம் திறக்க உள்ளே 40 சர்வீஸ்களைக் கூப்பிடுகிறீர்கள் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் நூறில் ஒரு தடவைதான் மெதுவாகும். கணக்குப் போட்டால் மூன்றில் ஒரு பயனருக்குப் பக்கம் மெதுவாகத்தான் திறக்கும். பத்து சர்வரின் பி99-ஐ (நூறில் 99 ரிக்வெஸ்ட் அதற்குள் முடியும் என்கிற நேரம்) கூட்டிப் பத்தால் வகுக்கும் பழக்கம் சில டீம்களில் உண்டு, அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. ஒவ்வொரு சர்வரின் ஹிஸ்டோகிராமையும் (எவ்வளவு நேரத்தில் எத்தனை ரிக்வெஸ்ட் முடிந்தது என்ற கணக்கு) சேர்த்த பிறகுதான் பி99 எடுக்க வேண்டும். த்ரெட் டம்ப் ஒன்று எடுத்தால் அது வெறும் போட்டோ, பத்து வினாடி இடைவெளியில் மூன்று எடுங்கள், எந்த த்ரெட் நகரவே இல்லை என்று தெரியும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் மெதுவான கொயரிகளைக் குறித்துவைக்கும் ஸ்லோ கொயரி லாக் போட்டிருக்கிறோம் என்பார்கள், அதன் டிஃபால்ட் வரம்பு 10 வினாடி! 9 வினாடி ஓடும் கொயரி அதன் கண்ணில் படவே படாது. லோடு டெஸ்ட் பற்றியும் எழுதலாம், அது தனி ராமாயணம்.

அலர்ட் வரவில்லை

பக்தரே, இங்கே யாரும் டியூஷன் கேட்கவில்லை :)

என் கதை சின்னது. ஒரு நல்லவர் மெட்ரிக்கில் (ஆப் பற்றிய அளவீட்டில்) யூசர் ஐடியை லேபிளாகச் சேர்த்துவிட்டார், தனித்தனியாகப் பார்க்க வசதியாக இருக்குமாம். அளவீடுகளைச் சேமித்து அலர்ட் கொடுக்கும் ப்ரொமீதியஸில் ஒவ்வொரு யூசருக்கும் புதிதாக ஒரு வரிசை முளைத்தது. நள்ளிரவில் மெமரி தீர்ந்து ப்ரொமீதியஸ் செத்துவிட்டது. இரண்டு மணிக்கு ஆப்பும் விழுந்தது. சொல்ல ஆள் இல்லை. ஒரு அலர்ட்டும் இல்லாத ராத்திரி, பல மாதத்தில் முதல்முறை. அவ்வளவு நிம்மதியாகத் தூங்கினேன். காலை ஏழு மணிக்குப் போனைப் பார்த்தால் 43 மிஸ்டு கால்.

இரவு ஆன்கால்

பாட் மேய்ப்பவரே, நீங்கள் சொன்னது நடந்தது. மேனேஜர் 50 ஆக்கச் சொன்னார், இருபது நிமிடத்தில் ஐம்பதும் நிரம்பிவிட்டது. எஸ்எம்எஸ்ஸை ட்ரான்ஸாக்‌ஷனுக்கு வெளியே எடுத்த பிறகு பத்தே தாராளம்.

பி99 இருந்தும் எங்களுக்கு உதவியிருக்காது என்றே நினைக்கிறேன். அதுவும் 30 என்றுதான் காட்டியிருக்கும், நான் அதையும் அப்புறம் பார்க்கலாம் என்றிருப்பேன்.

அந்தப் பெண் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறாள். மறுநாள் ஆர்சிஏ (மூல காரண அறிக்கை) எழுதியது நான். “கண்டறிந்தவர்” என்ற கட்டத்தில் “டீம்” என்று போட்டிருந்தேன்.