சப்போரோவை ஒட்டிய சின்னப் பனிச்சறுக்கு மலைகள்: போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் பனிச்சறுக்கு என்றாலே எல்லோரும் நிசெகோ என்ற பெரிய சறுக்கு ஊரைத்தான் சொல்வார்கள். தீவின் தலைநகரான சப்போரோவில் தங்குகிறவர்கள் அரை நாள் சறுக்குவதற்காக அவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை. மெட்ரோவும் பஸ்ஸும் மாறினால் பன்கெய், மொய்வாயமா என்ற இரண்டு சின்ன மலைகளுக்கும் போய்விடலாம். இரண்டுமே 500 மீட்டரை ஒட்டிய உயரம்தான். தெய்னேயும் பக்கம்தான் என்றாலும் அது 1,023 மீட்டர் மலை, 1972 ஒலிம்பிக்கில் ஸ்லாலம் (கம்பங்களைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும் போட்டி) நடந்த இடம். சின்ன மலைக் கணக்கில் அதைச் சேர்க்க முடியாது.

பன்கெய்க்கு மெட்ரோவின் தோசாய் தடத்தில் மருயாமா கோயென் நிலையத்தில் இறங்கி பன்கெய் பஸ் பிடிக்க வேண்டும். நகரப் பஸ் மாதிரி அடிக்கடி வராது. இறங்கியவுடன் திரும்பும் பஸ்களின் நேரப் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நேர டிக்கெட் வாங்குவது என்பதை அந்தப் பலகைதான் தீர்மானிக்க வேண்டும். நாள் முழுக்க டிக்கெட் இங்கே பெரும்பாலும் வீண். சரிவுகள் குட்டை. மூன்று, நான்கு மணி நேரத்திலேயே கால் ஓய்ந்துவிடும்.

மொய்வாயமாவில் மூன்று குழப்பம். ஒன்று, ரோப்வே. டிராமில் போய் இறங்கும் ரோப்வே நிலையம் மலையின் நகரப் பக்கம், இரவு வெளிச்சம் பார்க்கிறவர்களுக்கு. சறுக்குமிடம் மலைக்குப் பின்பக்கம். மெட்ரோவின் நம்போக்கு தடத்தின் கடைசி நிலையமான மகோமனாய் வந்து அங்கிருந்து பஸ்ஸிலோ டாக்ஸியிலோ போக வேண்டும். இரண்டு, நிசெகோவிலும் மொய்வா என்று ஒரு சறுக்குமிடம் உண்டு. இணையத்தில் டிக்கெட் வாங்கும்போது எந்த ஊர் என்று பார்த்து வாங்குங்கள். மூன்று, இங்கே ஸ்கீ மட்டும்தான், ஸ்னோபோர்டுக்கு அனுமதி இல்லை. போர்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான்.

*

மேலே சொன்னதோடு வாடகைக் கவுண்டர் விஷயம். முதல் நாள் கெட்டுப்போவது சரிவில் அல்ல, பூட்ஸில்.

படிவத்தில் உயரம், எடை, வயது, கால் அளவு, திறமை கேட்பார்கள். கால் அளவு சென்டிமீட்டரில். நம் ஊர் 8, 9 எல்லாம் செல்லாது. சுவரில் குதிகாலை ஒட்டி வைத்து, கீழே தாள் போட்டு, நீளமான விரல் நுனி வரை அளந்துகொண்டு போங்கள். 26, 26.5 இரண்டுக்கும் வெளிக்கூடு பெரும்பாலும் ஒன்றேதான். அரை அளவு கூட்டிக் கேட்பதால் இடம் கூடாது. எடையைக் குறைத்துச் சொல்கிற பழக்கம் இங்கே வேண்டாம். பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் கருவி) எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதை அந்த எண்களை வைத்துத்தான் திருகுகிறார்கள். குறைத்துச் சொன்னால் சும்மா திரும்பும்போதே ஸ்கீ கழன்றுவிடும். "நன்றாகச் சறுக்குவேன்" என்று பெருமைக்குச் சொன்னால் விழும்போது கழலாது, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். தொடக்கக்காரருக்கு ஸ்கீயின் நீளம் தன் உயரத்தைவிட 10 முதல் 15 செ.மீ. குறைவாக இருந்தால் போதும்.

பூட்ஸ் போடும் முறை: முழங்கால் வரை வரும் சாக்ஸ், ஒன்றே ஒன்று. குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். சாக்ஸைத் தவிர பூட்ஸுக்குள் எதுவும் போகக் கூடாது. பேன்ட்டின் உள்மடிப்பு பூட்ஸுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே ஒரு மடிப்பு சிக்கினாலும் முன்காலெலும்பில் கத்தி வைத்த மாதிரி வலிக்கும். பூட்ஸின் நாக்கை வெளியே இழுத்துக் காலை நுழைத்து, குதிகாலைத் தரையில் மூன்று நான்கு முறை தட்டி, பிறகுதான் பக்கிள். முதலில் கணுக்கால் பக்கத்தில் உள்ளது, அடுத்து மேலே உள்ளவை, விரல் பக்கத்தில் உள்ளது கடைசியில், பெயருக்கு மட்டும். நேராக நின்றால் விரல் நுனி முன்னால் லேசாக முட்ட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். மடக்கியும் முட்டினால் மாற்றிக் கேளுங்கள், முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார்கள். இரண்டு முறை இறங்கி வந்ததும் உள்பஞ்சு அமுங்கியிருக்கும், ஒரு பல் கூட்டி இறுக்குங்கள்.

இன்னொன்று, "பைண்டிங் பூட்டவே மாட்டேன் என்கிறது" என்று பலர் நின்றுவிடும் இடம். உள்ளே சூடான பூட்ஸோடு வெளியே வந்தால் அடியில் ஒட்டும் பனி உருகி, உடனே மறுபடி உறைந்து கட்டியாகிவிடும். அதன் மேல் மிதித்தால் குதிகால் பூட்டு முழுதாக இறங்காது. இறங்கியது போலத் தெரிந்தாலும் பாதிச் சரிவில் கழன்றுவிடும். ஸ்கீயின் முன்பூட்டு விளிம்பில் அடிப்பாகத்தை நன்றாகத் தேய்த்துவிட்டு முன்நுனியை வையுங்கள், பிறகு குதிகாலால் 'டக்' என்று கேட்கும்வரை மிதியுங்கள். சரிவில் நிற்கும்போது எப்போதும் பள்ளத்துப் பக்கத்து ஸ்கீயைத்தான் முதலில் மாட்ட வேண்டும்.

*

உடை வாடகைக்குக் கிடைக்கும். கையுறை, தொப்பி, காகிள்ஸ் பெரும்பாலான சின்ன இடங்களில் விற்பனைக்கு மட்டும், விலையும் கூடுதல். நகரத்தில் வேலையுடை விற்கும் வொர்க்மேன் கடையிலேயே நீர்புகாத கையுறை மலிவாகக் கிடைக்கும். கம்பளிக் கையுறை வேண்டாம், தொடக்கக்காரர் கையை ஊன்றி ஊன்றி எழுவதில் சீக்கிரமே நனைந்துவிடும். ஜீன்ஸும் அதே கதைதான்.

*

லிஃப்டுக்கு வருவோம். இருவர் அமரும் மெதுவான லிஃப்டுகள்தான் அதிகம், சிலவற்றில் பாதுகாப்புக் கம்பியே இருக்காது. ஊன்றிச் சறுக்கும் கோல்களின் வாரை மணிக்கட்டிலிருந்து கழற்றி ஒரே கையில் பிடியுங்கள், முதுகுப்பையை முன்னால் மாட்டுங்கள். முன்னால் போன நாற்காலி கடந்ததும் கோடு வரை நகர்ந்து நின்று, திரும்பிப் பார்த்து உட்கார வேண்டும். பயமாக இருந்தால் கையை உயர்த்தி "யுக்குரி ஒனெகாய்ஷிமாஸ்" என்று சொன்னால் வேகத்தைக் குறைப்பார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உள்ளூர்ப் பாட்டிகளும் பேரனுக்காகக் கேட்கிறார்கள். மேலே இறங்கும்போது ஸ்கீயின் முனையைத் தூக்கி வைத்து, பலகை காட்டும் இடத்தில் எழுந்து, நேராகப் போய் ஓரம் ஒதுங்குங்கள். அங்கேயே நின்று கையுறையைச் சரி செய்தால் பின்னால் வருகிறவர் உங்கள் மேல்தான் விழுவார். இறங்கத் தவறினால் குதிக்காதீர்கள், ஊழியர் நிறுத்துவார்.

பாதைப் பலகையில் பெரும்பாலும் பச்சை எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பன்கெய் சின்ன மலைதானே என்று கறுப்பில் இறங்கிவிடாதீர்கள். 2017 ஆசியக் குளிர்கால விளையாட்டின் மோகல் போட்டி (மேடு மேடான பனியில் இறங்குவது) நடந்த மலை அது. பக்கத்துத் துறைமுக ஊரான ஒடாருவின் தெங்குயமா மலையும் அப்படித்தான், துறைமுகக் காட்சி அபாரம், சரிவு செங்குத்து. முதல் நாளுக்கு வேண்டாம்.

இரவுச் சறுக்கு இந்த மலைகளின் தனி லாபம். வேலை முடித்து வருகிற உள்ளூர்க்காரர்கள் கூட்டம் அது. கறுப்புக் கண்ணாடி காகிள்ஸ் இரவில் உதவாது, மஞ்சள் அல்லது நிறமற்றது வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் பனி காய்ந்த மாவாக இருக்கும். மார்ச்சில் பகல் வெயிலில் இளகிய பனி, இருட்டியதும் கண்ணாடியாக இறுகும். அந்த மாதத்தில் தொடக்கக்காரர்கள் காலையில் போவதே நல்லது. குளிரில் போன் பேட்டரி திடீரென்று விழும், சட்டையின் உள்பையில் வையுங்கள்.

*

வார நாள் என்றால் காலியாக இருக்கும் என்று நினைத்தால், குளிர்கால விடுமுறை முடிந்த பிறகு காலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளின் ஸ்கீ வகுப்பு நடக்கும். எளிய சரிவு முழுக்க எண் போட்ட மேலங்கிகள். மதியத்துக்கு மேல் போனால் இடம் கிடைக்கும்.

சாப்பாடு: சீட்டு இயந்திரத்தில் பணம் போட்டு வாங்கும் முறை பல இடங்களில் இன்னும் இருக்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய நோட்டுகளைப் பழைய இயந்திரங்கள் துப்பிவிடும், பழைய 1,000 யென் நோட்டும் லாக்கருக்கு 100 யென் காசுகளும் வைத்திருங்கள். சைவக்காரர்கள் கவனிக்க: காய்கறிக் கறி என்று எழுதியிருந்தாலும் குழம்புக் கட்டியில் மாட்டுக் கொழுப்போ இறைச்சிச் சாறோ இருக்கும். மலையடிவாரத்தில் கடை தேடி அலையாமல், மெட்ரோ நிலையத்தருகே பிரெட்டோ பழமோ வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.