சூரியப் புள்ளிகளை எண்ணுவதில் உதவி வேண்டும்

வணக்கம். 2024 மே மாதம் 3664 என்று எண்ணிட்ட சூரியப் புள்ளிக் கூட்டத்தைக் கிரகணக் கண்ணாடி வழியாகவே பார்த்தேன். அன்று பிடித்த ஆர்வம் இன்னும் விடவில்லை. இப்போது மதுரையில் எங்கள் மொட்டை மாடியில் 70 மி.மீ. தொலைநோக்கியை வைத்து, சூரிய பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழவைத்துப் பென்சிலால் வரைகிறேன். தொலைநோக்கிக்குள் கண் வைப்பதே இல்லை. புள்ளியின் கரிய நடுவும் அதைச் சுற்றிய சாம்பல் விளிம்பும் தாளில் தெளிவாக விழும்போது மனசு நிறைந்துபோகும்.

சிக்கல் எண்ணுவதில்தான். சூரியனில் எவ்வளவு புள்ளிகள் என்று ஒரே எண்ணில் சொல்லும் உல்ஃப் எண்ணுக்குக் குழுக்களைப் பத்தால் பெருக்கி, தனிப்புள்ளிகளைக் கூட்ட வேண்டும், சரி. நேற்று ஒன்பது புள்ளிகள் கிழக்கு மேற்காக நீண்டு கிடந்தன, நடுவில் சின்ன இடைவெளி. ஒரே குழு என்றால் 19, இரண்டு என்றால் 29. எத்தனை பாகை இடைவெளி இருந்தால் பிரிக்கிறீர்கள்? பிம்பம் நகர்வதை வைத்து மேற்கைக் கண்டுபிடித்துவிடுகிறேன். ஆனால் நமக்குத் தெரியும் சூரிய அச்சின் சாய்வு ஆண்டு முழுக்க மாறுகிறதே, அதைத் தாளில் எப்படிக் குறிப்பது?

அப்புறம் சூரியப் பிழம்பு, அதாவது சூரியனில் திடீரென்று வெடித்து மின்னும் ஒளி. 1859 செப்டம்பர் 1 அன்று ஆங்கிலேய வானியலாளர் கேரிங்டன் இப்படித் தாளில் வரைந்துகொண்டிருக்கும்போதுதான் அதைப் பார்த்தார். சாதாரண வெள்ளொளியில் அது அபூர்வம் என்று தெரியும். ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியை மட்டும் காட்டும் ஹைட்ரஜன் ஆல்பா தொலைநோக்கி வைத்திருப்பவர் மதுரைப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஒரே ஒரு முறை பார்க்க வேண்டும். கோடைக்கானல் ஆய்வகத்தின் பழைய சூரியப் படங்களோடு ஒப்பிட்டு வரையப் பழகியவர்கள் இருந்தாலும் வழி காட்டுங்கள்.