சாவியே வேண்டாத அட்மோஸ் கடிகாரம் நின்றுவிட்டது. மும்பைத் தட்பவெப்பம்தான் காரணமா?

மாட்டுங்கா மருமகள்:

எங்க மாமனார் ஒரு ஸ்விஸ் சாயக் கம்பெனியோட பம்பாய் ஆபீஸ்ல 31 வருஷம் இருந்தார். ஓய்வு பெற்ற அன்னிக்குக் கொடுத்தது ஜேகர் லெகுல்ட்ர் கம்பெனியோட இந்த அட்மோஸ் கடிகாரம். நாலு பக்கமும் கண்ணாடி, பித்தளைச் சட்டம். கீழே தலைமுடி மாதிரி ஒரு கம்பியில தொங்குற வட்டத் தட்டு, அரை நிமிஷம் இந்தப் பக்கம், அரை நிமிஷம் அந்தப் பக்கம்னு அவசரமே இல்லாம திரும்பும். "ரூம்ல சூடு ஏறி இறங்கறதுதான் இதுக்குச் சாப்பாடு"ம்பார் மாமனார். ராத்திரி படுக்கப் போறப்போ அது முன்னாடி நிப்பார். தட்டு ஒரு தடவை போய்த் திரும்பினதும்தான் விளக்கை அணைப்பார்.

அவர் போய் 6 வருஷம் ஆச்சு. கடிகாரம் பாட்டுக்கு ஓடிட்டே இருந்தது. மார்ச்ல ஹாலைப் புதுப்பிச்சோம், அதுக்கப்புறம் ஓடலை. தட்டை விரலால தள்ளிவிட்டா கொஞ்ச நேரம் ஆடி நின்னுடுது. கடையில காட்டினேன். பின்பக்கம் திறந்துகூடப் பார்க்காம, "உள்ள இருக்கறதை எடுத்துட்டு பேட்டரி மெஷின் போட்டுத் தரேன், 800 ரூபாய்"னார். அழுகையே வந்துடுச்சு. தூக்கிண்டு வந்துட்டேன்.

கடல் பக்கத்து ஊர், மழைக்காலத்துல பகலுக்கும் ராத்திரிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தீனி பத்தலையோ? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பல்சக்கரம் (செம்பூர்):

அம்மா, முதல்ல அந்தத் தட்டைக் கையால தள்றதை நிறுத்திடுங்க. அந்தக் கம்பி மடங்கிட்டா மாத்தறது பெரிய வேலை. பேட்டரி மெஷினுக்கு ஒருநாளும் சம்மதிக்காதீங்க.

தீனி பத்தாமப் போக வாய்ப்பு ரொம்பக் குறைவு. பின்னாடி இருக்கிற பித்தளை டப்பாவுக்குள்ள மூடி முத்திரை வெச்ச துருத்தி ஒண்ணு இருக்கு. அதுல எத்தில் குளோரைடு. 12 டிகிரியிலேயே கொதிச்சு ஆவியாகிற சரக்கு அது. அறை சூடானா துருத்தி விரியும், குளிர்ந்தா சுருங்கும், அந்த அசைவு ஒரு சின்னச் சங்கிலி வழியா சுருள்வில்லை முறுக்கும். ஒரே ஒரு டிகிரி மாறினா சுமார் ரெண்டு நாள் ஓடும். ஆடி மாச மும்பையிலயும் ஒரு டிகிரி மாறாத நாள் ஏது? 1928-ல ஸ்விட்சர்லாந்து நுஷாத்தல்ல ழான் லியோன் ரூட்டர் செஞ்ச முதல் கடிகாரத்துல பாதரசமும் அமோனியாவும் இருந்தது. எத்தில் குளோரைடு லெகுல்ட்ர் கைக்குப் போனப்புறம் வந்தது.

வழக்கமான சாவி கொடுக்கிற கைக்கடிகாரம் நொடிக்குப் பல தடவை அடிக்கும். இது ஒரு தடவை போய் வர முழு நிமிஷம் எடுத்துக்கும். அவ்வளவு கொஞ்சமா சக்தி செலவழிக்கிறதால சின்ன அதிர்வுக்கும் சாய்வுக்கும் நின்னுடும். முன்னாடி எங்கே இருந்தது, இப்போ எங்கே வெச்சிருக்கீங்க? கடைக்குக் கொண்டு போனப்போ தட்டு ஆடாம பிடிச்சு வைக்க அடியில இருக்கிற பூட்டு நெம்பைப் போட்டீங்களா?

கரோல்பாக்காரன்:

எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. 15-லருந்து 30 டிகிரி வரைக்கும்தான் இதுக்குச் சரியான இடம். டெல்லி மே மாசம் எங்க ஹால் ராத்திரியிலயும் அதுக்கு மேலதான் நிக்கும். அப்பவும் முன்னாடியே முறுக்கி வெச்சதுல ஓடுது. அதனால உங்க ஊர் வெயிலைச் சந்தேகப்பட வேண்டாம்.

மாட்டுங்கா மருமகள்:

பூட்டு போட்டுத்தான் கொண்டு போனேன், மாமனார் சொல்லித் தந்திருக்கார். முன்னாடி சுவத்துல பதிச்ச கடப்பாக் கல் தட்டுல இருந்தது. இப்போ புது ப்ளைவுட் டிவி யூனிட் மேல. எங்க கட்டடம் தண்டவாளத்தை ஒட்டி. லோக்கல் போறப்போ அந்த யூனிட்ல இருக்கிற டம்ளர் தண்ணி சுருக்கம் சுருக்கமா அதிருது, இப்பத்தான் கவனிச்சேன்!

பல்சக்கரம் (செம்பூர்):

அதேதான். பழைய கல்லுக்கே கொண்டு போங்க. பூட்டு போட்டபடியே வெச்சு, முன்பக்க ரெண்டு கால் திருகையும் திருப்பி, ரசமட்டத்துக் குமிழியை வட்டத்துக்கு நடுவுல கொண்டு வாங்க. பிறகு நெம்பை மெதுவா விடுங்க, தானே கிளம்பும். அப்பவும் நின்னா துருத்தி கசிஞ்சிருக்கலாம். தெரிஞ்ச ஆள் துருத்தியைக் கழட்டி ஃபிரிட்ஜ்ல வெச்சுப் பார்ப்பாங்க. நல்லதா இருந்தா சுருங்கும், வெளியே எடுத்தா விரியும். யாரும் அதைத் துளை போட விடாதீங்க, உள்ளே இருக்கிறது தீப்பிடிக்கிற வாயு.

மாட்டுங்கா மருமகள் (ஒன்பது நாள் கழிச்சு):

கடப்பாக் கல் மேல அடுக்கியிருந்த புத்தகங்களை எடுத்துட்டு வெச்சேன். குமிழி நடுவுல நிக்க முக்கால் மணி நேரம் ஆச்சு, அரைத் திருகு கூட்டினா அங்கே ஓடுது, குறைச்சா இங்கே ஓடுது. நெம்பை விட்டதும் தட்டு கொஞ்சம் யோசிச்சுட்டு இடப்பக்கம் கிளம்பிச்சு. ஒன்பது நாளா நிக்கலை. ராத்திரி 11.10 லோக்கல் போறப்பவும் பக்கத்துல நின்னு பார்த்தேன், நிக்கலை. என் வீட்டுக்காரர் இப்போ படுக்கப் போறதுக்கு முன்னாடி அது எதிர்ல போய் நிக்கிறார்.