அப்டேட்: ருகர் 10/22 குழலில் வந்த துரு

செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் ருகர் 10/22 ரைபிளின் குழலில் செம்புள்ளிகள் வந்ததைப் போன மாதம் எழுதியிருந்தேன். யோசனை சொன்னவர்களுக்கு நன்றி.

காரணம் ரைபிளை வைத்திருந்த, உள்ளே ஸ்பாஞ்ச் வைத்த பெட்டிதான். ஹூஸ்டன் புழுக்கத்தில் ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்து இரும்போடு ஒட்டியே வைத்திருந்திருக்கிறது. எண்ணெய் தொட்ட மிக மெல்லிய எஃகு நாரால் மெதுவாகத் தேய்த்தேன். புள்ளிகள் போயின, கருநீலப் பூச்சும் தப்பியது. அழுத்தித் தேய்த்தால் பூச்சும் போய்விடும், கவனம்.

இப்போது பூட்டிய இரும்பு அலமாரியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு இருக்கிறது. வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை, அதனால் தோட்டாக்கள் வேறு பெட்டியில், வேறு சாவியில்.

1964 முதல் வருகிற மாடல், உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. தோளில் அணைத்துப் பிடிக்கும் மரக்கட்டையை மட்டும் வால்நட் மரத்துக்கு மாற்றினேன். டிரிகரில் நான் கைவைக்க மாட்டேன். அது கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) வேலை.