போர் மோட்டார் நின்றால் வீடே நின்றது: முதலில் ஜெனரேட்டரா, தொட்டியா, கூரையா? (புனைபெயரில் நான்கு பேர் வாதம்)

மேட்டுக்காடு:
புயல், வெள்ளத்துக்கு வீட்டில் என்ன வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் பட்டியல்கள் பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குத்தான் கணக்குப் போடுகின்றன. தெருக்குழாயும் நடக்கிற தூரத்தில் கடையும் இருக்கிற இடத்துக்கு அது சரி. தள்ளித் தள்ளி வீடுகள், வீட்டுக்கொரு போர்வெல், வெளியே போக ஒரே பாலம் என்று இருக்கிற கிராமப்புறத்துக்கு அது ஒத்துவராது. துணைமின்நிலையத்தைச் சரிசெய்தால் ஆயிரக்கணக்கான வீட்டுக்கு மின்சாரம் வரும். கிளைக்கம்பியின் கடைசியில் பத்துக் கம்பம் நட்டால் மூன்று வீட்டுக்கு வரும். எதை முதலில் செய்வார்கள்? 2017 செப்டம்பரில் மரியா புயல் அடித்த கரீபியன் தீவு போர்ட்டோ ரிக்கோவில், மலைப்பகுதியின் கடைசி வீடுகளுக்கு மின்சாரம் திரும்பக் கிட்டத்தட்ட பதினொரு மாதம் ஆனது.

மின்சாரம் இல்லையென்றால் போர்வெல்லில் தண்ணீர் இல்லை. அதனால் என் பட்டியலில் முதல் பொருள் ஜெனரேட்டர். 1 எச்பி சப்மெர்சிபிள் மோட்டார் ஓடும்போது சுமார் 1.1 கிலோவாட் இழுக்கும், கிளம்பும்போது அதைப்போல மூன்று மடங்கும் அதற்கு மேலும் கேட்கும். 2 கேவிஏ வாங்கினால் மோட்டார் உறுமும், சுற்றாது. 3.5 முதல் 5 கேவிஏ வேண்டும். ஆழம் மிதமாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் 1000 லிட்டர் தொட்டி நிரம்பும். பெட்ரோல் ஒன்று, ஒன்றரை லிட்டர். 20 லிட்டர் கேன் இரண்டு வாரத்துக்குத் தாராளம்.

கிணற்றடி:
கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் பதினொரு மாதம் மூலையில் கிடந்த இன்ஜின் பன்னிரண்டாம் மாதம் கயிற்றை இழுத்ததும் கிளம்பும் என்று நம்புகிறீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் மூன்று நான்கு மாதத்திலேயே கெடத் தொடங்கும், ஈரத்தையும் இழுக்கும். இன்ஜினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் ஆவியாகி, சின்ன ஜெட் துளையில் பிசின் மாதிரி படியும். கயிற்றை இருபது முறை இழுத்தாலும் 'புஸ்' என்று அடங்கிவிடும். புயல் ராத்திரியில் அதைக் கழற்றித் துடைக்கப் போவது யார்?

தண்ணீர்தான் பிரச்சினை என்றால் தண்ணீரையே சேர்த்து வையுங்களேன். நிவாரணப் பணிக்கான ஸ்பியர் அளவுகோல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்கிறது. குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து. ஐந்து பேர், பதினான்கு நாள்: 1050 லிட்டர். ஒரே ஒரு தொட்டி. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றால் ஆளுக்கு 4 லிட்டர், மொத்தம் 280; அதாவது 20 லிட்டர் கேன் பதினான்கு. கேனுக்கு ஸ்டார்ட்டரும் வேண்டாம், ஸ்பார்க் பிளக்கும் வேண்டாம்.

மேட்டுக்காடு:
மனுஷருக்கு மட்டும் கணக்குப் போட்டுவிட்டு முடித்துவிட்டீர்கள். கொட்டகையில் நான்கு மாடு நின்றால்? வளர்ந்த மாடு ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று வைத்தாலே பதினான்கு நாளைக்கு 2800. கறவையென்றால் இன்னும் கூடும். அந்தத் தொட்டி எங்கே?

இன்ஜின் கெடும் என்பது பராமரிக்காதவர் பேச்சு. பெட்ரோல் வால்வை மூடி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் கார்புரேட்டரில் எதுவும் தங்காது. மாதம் ஒருமுறை அதே மோட்டாரை இணைத்து இருபது நிமிஷம் ஓட்ட வேண்டும். சும்மா ஓட்டுவது சோதனையே இல்லை. கேனில் இருப்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வண்டியில் ஊற்றிவிட்டுப் புதிது நிரப்பலாம்.

கூரைக்கம்பி:
தொட்டி, இன்ஜின் என்று இருவரும் அடித்துக்கொள்கிறீர்கள். அவை இருக்கிற வீட்டுக்குக் கூரை நிற்குமா என்று கேட்டீர்களா?

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 100 கிமீ வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 47 கிலோ. 180 கிமீ என்றால் 150 கிலோ. வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, அழுத்தம் மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. 3 சதுர மீட்டர் தகடு ஒன்றை 450 கிலோ மேலே இழுக்கிறது. கூரையின் ஓரம், மூலை, முகடு ஆகிய இடங்களில் அதைவிட அதிகம். இதற்குத்தான் 20 கிலோ மணல் மூட்டை நாலைத் தூக்கி மேலே வைக்கிறார்கள். தகடு போகும்போது மூட்டையும் சேர்ந்து போகும், யார் தலையிலாவது விழும்.

நடுவில் எந்த இடைவெளியில் ஜே-போல்ட் (தகட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் கொக்கி போல்ட்) அடித்திருக்கிறீர்களோ, ஓரத்திலும் மூலையிலும் அதில் பாதி இடைவெளியில் அடியுங்கள். ஒவ்வொன்றிலும் ரப்பர் வாஷரும் அகலத் தகடு வாஷரும் வேண்டும். வாஷர் இல்லாத போல்ட் இடத்திலேயே இருக்கும், தகடு மட்டும் கிழிந்து போகும். பிறகு சட்டத்தைச் சுவரோடு இரும்புப் பட்டையால் கட்டுங்கள். தகட்டைச் சட்டத்தோடு இறுக்கி, சட்டத்தைச் சும்மா சுவர்மேல் உட்காரவைத்தால் கூரை மொத்தமாக ஒரே துண்டாகப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று: மாடியில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியைப் புயலுக்கு முன் விளிம்புவரை நிரப்புங்கள். 1000 லிட்டர் நிறைந்தால் ஒரு டன், அசையாது. காலியாக இருந்தால் அது பலூன்.

கிணற்றடி:
கூரை விஷயத்தில் மறுப்பில்லை. தொட்டியை நிரப்பச் சொன்னது என் கட்சிக்கே சாதகம், நன்றி. மாட்டுக் கணக்கை மட்டும் ஏற்கிறேன். மாட்டுக்குக் குளோரின் போட்ட நல்ல தண்ணீர்தான் வேண்டும் என்பதில்லை, கூரைத் தண்ணீரைத் தனித் தொட்டியில் பிடிக்கலாம். அதைவிட முக்கியம், வெள்ளம் ஏறும் இடத்தில் மாட்டைக் கட்டிவைக்காதீர்கள். அவிழ்த்துவிட்ட மாடு மேடு தேடும், கட்டிய மாடு கயிற்றோடு மூழ்கும்.

ஆனால் ஜெனரேட்டரில் சாவு இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. 2020-இல் அமெரிக்காவின் லூசியானாவைத் தாக்கிய லாரா புயலின் உயிரிழப்புகளில் பல ஜெனரேட்டர் புகையால் வந்தவை. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. மழைக்கு நனையக் கூடாது என்று தாழ்வாரத்தில் வைக்கிறார்கள். ஜன்னல் வழியே புகை உள்ளே வருகிறது. தலைவலி, தூக்கம், அதோடு சரி. கதவு ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். தனியாக நான்கு கால் நட்டுச் சின்னக் கூரை போடுங்கள், நாலு பக்கமும் திறந்து.

மேட்டுக்காடு:
அது சரி. ஒத்துக்கொள்கிறேன்.

ஆற்றோரம்:
மூவரும் வீட்டிலேயே இருக்கப்போவதாக முடிவு செய்துவிட்டுப் பேசுகிறீர்கள். தாழ்வான இடத்தில் இந்தப் பேச்சே ஆபத்து. ஓடும் தண்ணீர் 15 செமீ இருந்தால் ஆளைத் தள்ளும், 30 செமீ சின்னக் காரை மிதக்கவிடும், 60 செமீ பெரும்பாலான வண்டிகளை இழுத்துப் போகும். ஒரே பாலம் உள்ள இடத்தில் கிளம்பும் நேரத்தை மழையை வைத்து முடிவு செய்யக் கூடாது, பாலத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தூணில் பெயிண்ட்டால் கோடு போட்டு, தண்ணீர் அதைத் தொட்டால் பெரியவர்களும் குழந்தைகளும் கிளம்பியாக வேண்டும் என்று முன்பே பேசி வையுங்கள். புயலுக்கு நாள் கணக்கில் எச்சரிக்கை வரும். மலையடிவார வெள்ளத்துக்கு நிமிஷக் கணக்குதான்.

வீட்டில் தண்ணீர் முதலில் வாசலில் வரும் என்று எல்லாரும் வாசலில் மணல் மூட்டை அடுக்குகிறார்கள். பல வீடுகளில் அது முதலில் வருவது கழிப்பறைக் கோப்பையிலும் குளியலறை ஓட்டையிலும். அங்கே இடத்துக்கொரு மூட்டை. மூட்டையைப் பாதிக்குக் கொஞ்சம் மேல் மட்டும் நிரப்புங்கள்; முழுதாகக் கட்டினால் உருளைக்கிழங்கு மாதிரி நின்று இடையில் இடுக்கு விடும். வெள்ளம் வடிந்ததும் செப்டிக் டேங்கை அவசரப்பட்டு இறைக்காதீர்கள். சுற்றிலும் மண் ஊறியிருக்கும்போது காலித் தொட்டி மேலே மிதந்து எழும், அல்லது சுவர் உள்ளே சரியும்.

கூரைக்கம்பி:
கிளம்புவதோ இருப்பதோ, திரும்பி வந்து கிணற்றைச் சுத்தம் செய்யணுமே. வெள்ளம் புகுந்த திறந்த கிணற்றில் 'ரெண்டு கைப்பிடி பிளீச்சிங் பவுடர்' போதும் என்பார்களே, சரியா?

கிணற்றடி:
தப்பு. அளந்து போடணும். விட்டம் 3 மீட்டர், தண்ணீர் 4 மீட்டர் என்றால்: 3.14 × 3 × 3 × 4 ÷ 4, சுமார் 28 கன மீட்டர், 28,000 லிட்டர். சாதாரண நாளில் 33 சதவீதம் குளோரின் உள்ள பவுடர் 1000 லிட்டருக்கு 2.5 கிராம், ஆக 70 கிராம் போதும். வெள்ளம் புகுந்த பிறகு லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டும், அதற்கு 4.3 கிலோ. மூடி திறந்தே கிடந்த பழைய பவுடரில் வீரியம் 20 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் 7 கிலோ. உங்கள் ரெண்டு கைப்பிடி எங்கே, இது எங்கே?

முதலில் சேற்றை இறையுங்கள். சேறு இருந்தால் அதுவே குளோரினைத் தின்றுவிடும். வாளியில் பவுடரைக் குழைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கித் தெளியவிடுங்கள். அடியில் நிற்கும் சுண்ணாம்பை விட்டுவிட்டு மேல்தெளிவை மட்டும் கிணற்றில் ஊற்றி, வாளியை இறக்கி ஏற்றிக் கலக்குங்கள். குறைந்தது 12 மணி நேரம் விட்டு, குளோரின் வாடை அடங்கும்வரை இறைத்துக் கொட்டுங்கள். டீசலோ பூச்சிமருந்தோ கலந்திருந்தால் குளோரின் எதுவும் செய்யாது, கொதிக்கவைத்தாலும் போகாது. அந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது.

மேட்டுக்காடு:
28,000 லிட்டரை எதை வைத்து இறைப்பீர்கள்? வாளியாலா? திரும்ப என் ஜெனரேட்டருக்குத்தான் வருகிறீர்கள்.

கிணற்றடி:
சரி, வைத்துக்கொள்ளுங்கள். முதல் பொருளாக அல்ல, தொட்டிக்கும் கூரைக்கும் அடுத்ததாக. ஒரு நிபந்தனையோடு: இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த வயரால் சுவர் சாக்கெட்டில் சொருகக் கூடாது. உங்கள் 230 வோல்ட் வெளிக்கம்பி வழியே டிரான்ஸ்ஃபார்மருக்குப் போய் மறுபக்கம் 11,000 வோல்ட்டாக ஏறும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பார் லைன்மேன். லைன் அல்லது ஜெனரேட்டர், இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு வயரிங்கில் இணைக்காதீர்கள்.

ஆற்றோரம்:
அந்த சுவிட்சையும் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியையும் சுவரில் எந்த உயரத்தில் வைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். பழைய வெள்ளத்தின் கறைக்கோடு தெரிந்தால் அதற்கு ஒரு மீட்டர் மேலே. பெட்டி ஒருமுறை மூழ்கியிருந்தால், வெயிலில் காய்ந்துவிட்டது என்று சுவிட்சைப் போடாதீர்கள். கான்டாக்டரில் சேறு காய்ந்து நிற்கும், கெபாசிட்டரில் தண்ணீர் இருக்கும். எலெக்ட்ரீஷியன் மெகர் வைத்து மோட்டார் கேபிளின் இன்சுலேஷனைப் பார்த்த பிறகுதான், ஜெனரேட்டரானாலும் லைனானாலும்.