அம்பாசடரில் ஹீட் முள் எதுவரை ஏறலாம்?

தக்கலைக்காரன்:
வீட்டில் பழைய பெட்ரோல் அம்பாசடர் ஒன்று நிற்கிறது, 1489 சிசி பிஎம்சி எஞ்சின். நாகர்கோவில் ரோட்டில் போகும்போது முள் நடுவில் நிற்கும், மார்த்தாண்டத்தில் பாலத்துக்குக் கீழே நெரிசலில் மாட்டினால் முக்கால் வரை ஏறி, நெரிசல் தாண்டியதும் இறங்கிவிடும். வண்டியை அணைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஓடும்போது இருந்ததைவிட மேலே காட்டுகிறது, இதுதான் பயமாக இருக்கிறது. தண்ணீர் குறையவில்லை. ஒர்க்‌ஷாப்பில், நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு, கழற்றிப் போட்டுவிடலாம் என்கிறார்கள். கழற்றலாமா? அப்புறம், ஆடியில் ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலி போகும்போது சூடு கூடுகிறது, வரும்போது குறைகிறது. அதே ரோடுதானே?

பழையவண்டி அண்ணாச்சி:
கழற்றாதீங்க தம்பி. எஞ்சின் தண்ணீர் 82 டிகிரி வாக்கில் சூடானதும் ரேடியேட்டருக்குத் திறந்துவிடுகிற வால்வு அது, சூடான ஊர்களுக்கு என்று 74 டிகிரியிலும் வரும், வேண்டுமானால் அதைப் போடுங்க. கழற்றிவிட்டால் காலையில் எஞ்சின் சூடேறவே வெகுநேரம் ஆகும், பெட்ரோல் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கிக் கசடு சேரும்.

நீங்க சொன்ன எதுவுமே கோளாறு இல்லை. இதில் எலெக்ட்ரிக் ஃபேன் கிடையாது, எஞ்சின் சுற்றுகிற வேகத்தில்தான் பெல்ட் வழியாக ஃபேனும் வாட்டர் பம்பும் சுற்றும், அதனால் நெரிசலில் ஐடிலில் நிற்கும்போது இரண்டுமே மெதுவாகிவிடும், முள் ஏறத்தான் செய்யும். அணைத்ததும் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடுகிறது, ஆனால் இரும்பு பிளாக்கில் இருக்கிற சூடு எங்கே போகும்? நிற்கிற தண்ணீரில்தான் இறங்கும். ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரத்தில் இறங்குகிறதா என்று மட்டும் பாருங்க.

ஆரல்வாய்மொழி விஷயம் நல்ல கேள்வி. ஆடிக் காற்று மேற்கிலிருந்து கணவாய்க்குள் பாய்கிறது, திருநெல்வேலி போகும்போது அது முதுகில் தள்ளும், ரேடியேட்டருக்குள் முன்னாலிருந்து வரவேண்டிய காற்று அந்த அளவுக்குக் குறையும். திரும்பும்போது எதிர்காற்று, எஞ்சின் திணறினாலும் ரேடியேட்டருக்குக் கொண்டாட்டம்.

குளச்சல் கடற்கரை:
அண்ணாச்சி சொன்னது சரி, ஆனால் முக்கால் வரை ஏறுவதை நான் இவ்வளவு லேசாக விடமாட்டேன். கடலோரத்துக் காற்றில் ரேடியேட்டரின் செம்புத் தகடுகள் பச்சை பூத்து உதிரும், டார்ச் அடித்துப் பாருங்க, விரலால் தொட்டாலே பொடியாகக் கொட்டினால் கோர், அதாவது குழாயும் தகடும் சேர்ந்த நடுப்பகுதி, மாற்றும் நேரம் வந்துவிட்டது. இங்கே பல பேர் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றுகிறார்கள், உப்புப் படிந்து குழாய் அடைத்துவிடும். பித்தளை ரேடியேட்டர் என்பதால் கடையில் டேங்கைப் பிரித்துக் கம்பி விட்டுக் குத்தித் தருவார்கள், புதுக் கார்களில் அந்த வசதி கிடையாது. பிறகு டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் கலந்து ஊற்றுங்க. ஃபேன் பெல்ட்டை நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் தளரலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ஸ்பேனர் மக்கா:
முதலில் அந்த முள்ளை நம்பலாமா என்று பாருங்க மக்கா. இந்த வயசு மீட்டர்களில் டேஷ்போர்டுக்குப் பின்னால் மீட்டர்களுக்குப் போகிற வோல்டேஜைச் சீராக வைக்கும் ஸ்டெபிலைசர் கெட்டால் ஹீட்டும் பெட்ரோலும் சேர்ந்தே கூடுதலாகக் காட்டும். டேங்கில் இருப்பதைவிட அதிகமாகப் பெட்ரோல் முள் காட்டுகிறதென்றால் சந்தேகம் அதன்மேல்தான். இல்லாவிட்டால் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை வாங்கித் தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தில் பிடித்துப் பாருங்க, 80-லிருந்து 95 வரை இருந்தால் நிம்மதியாக ஓட்டலாம்.

தக்கலைக்காரன்:
பெட்ரோல் முள்ளும் சந்தேகம்தான், அரை டேங்குக்கே ஃபுல் பக்கம் போய் நிற்கும்! ரேடியேட்டர் மூடி பழசு, ரப்பர் வெடித்திருக்கிறது. மாற்றணுமா?

பழையவண்டி அண்ணாச்சி:
கண்டிப்பா. மூடி அழுத்தம் பிடித்தால்தான் கொதிநிலை 100-க்கு மேலே போகும், 7 பவுண்டு மூடி (சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் பிடிப்பது) சரியாக இருந்தால் வெறும் தண்ணீரே 110 டிகிரி வரை தாங்கும். அதே அளவு மூடியாகக் கேட்டு வாங்குங்க, கூடுதல் பவுண்டு போட்டால் பழைய ஹோஸ் பிய்ந்துவிடும். சூட்டோடு திறந்துவிடாதீங்க.

ஸ்பேனர் மக்கா:
மூடி மாற்றும்போதே ஹோஸையும் அழுத்திப் பாருங்க, உள்ளே நொறுநொறுவென்று சத்தம் வந்தால் அதையும் மாற்றிடுங்க.