நெடுஞ்சாலையில் கேஸ் டேங்கர் கவிழ்ந்தால் அங்கன்வாடிக் குழந்தைகளை எங்கே கொண்டுபோவது?

சாவடி டீச்சர்:

கோவை மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய க.க.சாவடிப் பக்கம் ஓர் அங்கன்வாடியில் வேலை செய்கிறேன். எங்கள் கட்டடத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்பு மட்டும்தான். கொச்சியிலிருந்து வாளையார் வழியாக வரும் கேஸ் புல்லட் லாரிகள் (நீள உருளைத் தொட்டி வைத்த டேங்கர்கள்) இரவு பகலாகப் போகின்றன. 2025 ஜனவரி 3 அன்று கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் அப்படி ஒன்று கவிழ்ந்து கேஸ் கசிந்ததும் பக்கத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். அது அதிகாலை. எங்கள் பக்கம் பகல் பதினொரு மணிக்கு நடந்தால் என்ன செய்வது? இருபது குழந்தைகள், நான், ஆயாம்மா. அடுப்பில் சாதம் வெந்துகொண்டிருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பதா, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போவதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தீயணைப்போர்:

டீச்சர், ஆளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டேங்கரில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

சமையல் கேஸ் என்றால் வெளியேற வேண்டும். அது காற்றைவிடக் கனமானது, தரையை ஒட்டியே பரவும், பள்ளத்திலும் சாக்கடையிலும் போய்த் தேங்கும். வெள்ளைப் புகை போலத் தெரிவது மட்டும்தான் கேஸ் என்று நினைக்காதீர்கள். அதைத் தாண்டியும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். கேரளத்தில் கண்ணூர் பக்கம் சாலா என்ற ஊரில் 2012 ஆகஸ்ட் 27 இரவு டேங்கர் கவிழ்ந்து பரவிய கேஸ் பற்றிக்கொண்டதில் 20 பேர் இறந்தார்கள். ஓணத்துக்கு முந்தைய நாட்கள். சாலையோர வீடுகளில் இருந்தவர்களும் அதில் உண்டு. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: கவிழ்ந்தது தெரிந்த உடனே, வாசனை வருவதற்கு முன்பே அடுப்பை அணையுங்கள். வாசனை வந்துவிட்டால் எந்த சுவிட்சையும் தொட வேண்டாம், போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. நடந்துதான் போக வேண்டும்.

எந்தப் பக்கம் போவது? காற்று உங்களை நோக்கி வந்தால், அது வீசும் திசைக்குக் குறுக்காக விலகுங்கள். கேஸ் வரும் பாதையைவிட்டு விலகியதும் காற்று வரும் பக்கமாக, மேடான இடத்துக்குப் போங்கள். காற்று போகும் திசையிலேயே ஓடினால் கேஸும் கூடவே வரும். கசிவு என்றால் முதலில் 100 மீட்டராவது விலக வேண்டும். பெரிய கசிவு என்றால் காற்று போகும் பக்கம் 800 மீட்டர் வரை ஆட்களை வெளியேற்றுவோம். டேங்கரையே தீ சுற்றிக்கொண்டால் நாலா பக்கமும் 1,600 மீட்டர். சூட்டில் தொட்டி வெடித்தால் இரும்புத் துண்டுகள் அவ்வளவு தூரம்கூடப் பறக்கலாம். அப்போது வேடிக்கை பார்க்க நிற்பவர்களுக்கு யாராலும் உதவ முடியாது.

அம்மோனியாவோ குளோரினோ என்றால் வேறு கணக்கு. அவை மூச்சை அடைக்கும். விலகிப்போக வழியோ நேரமோ இல்லாமல் கேஸ் நெருங்கிவிட்டால் உள்ளேயே இருங்கள். கதவு, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் எக்சாஸ்ட் ஃபேனையும் நிறுத்தி, இடுக்குகளில் ஈரத் துணியைத் திணியுங்கள். குளோரின் கனமானது, மாடி இருந்தால் மாடிக்கு. அம்மோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும், மூக்கில் ஈரத் துணி வைத்தால் கொஞ்சம் தாங்கும். கண்ணில் பட்டால் தண்ணீர் விட்டுக் குறைந்தது கால் மணி நேரம் கழுவுங்கள்.

போபாலில் 1984 டிசம்பரில் ஆலையிலிருந்து விஷவாயு கசிந்தபோது நள்ளிரவில் எழுந்து ஓடிய மக்களுக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று சொல்ல ஆள் இல்லை. உங்கள் குழந்தைகளுக்கு நீங்கள் இருக்கிறீர்கள். இப்போதே கேட்டது ரொம்ப நல்லது.

நாமக்கல் டிரைவர்:

சார் சொல்வது சரி. ஒன்றைச் சேர்க்கிறேன் அம்மணி. எங்கள் வண்டியின் பக்கத்திலும் பின்னாலும் ஒரு பலகை இருக்கும். அதில் நாலு இலக்க எண்: சமையல் கேஸுக்கு 1075, அம்மோனியாவுக்கு 1005, குளோரினுக்கு 1017, பெட்ரோலுக்கு 1203. தூரத்திலிருந்தே தெரிந்தால் போனில் அந்த எண்ணைச் சொல்லுங்கள், வருகிற தீயணைப்பு வண்டி அதற்குத் தயாராக வரும். எண்ணைப் பார்ப்பதற்காகக் கிட்டே மட்டும் போகாதீர்கள். ஒரு புல்லட்டில் சுமார் 18 டன் இருக்கும். டிரைவர் கையை ஆட்டி "போங்க, போங்க" என்று கத்தினால் தயவுசெய்து நம்புங்கள். செல்போனைத் தூக்கிக்கொண்டு வருகிற கூட்டத்தைப் பார்த்தால் எங்களுக்கு வயிறு கலங்குகிறது.

கஞ்சிக்கோட்டுக்காரன்:

நான் எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில். நம் பாலக்காட்டுக் கணவாயில் ஆனி, ஆடியில் காற்று பாலக்காட்டிலிருந்து உங்கள் பக்கம் அடிக்கும். மார்கழி, தையில் கோவையிலிருந்து எங்கள் பக்கம் வீசும். அதனால் கூடும் இடம் ஒன்று போதாது டீச்சர், இரண்டு வேண்டும்.

அவசர உதவிக்கு 112 அழைத்தால் போன் எந்த மாநில டவரைப் பிடித்திருக்கிறதோ அங்கே போகலாம். எனக்கு ஒருமுறை அப்படி மாறிப்போனது. அதனால் ஊர், மாநிலம், நெடுஞ்சாலையில் பாலக்காடு போகும் பக்கமா கோவை போகும் பக்கமா, இந்த மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. ஆபத்தான ரசாயனம் வைத்திருக்கும் பெரிய ஆலைகளால் ஆபத்து வந்தால் வெளியே இருக்கும் மக்களுக்கு என்ன செய்வது என்ற திட்டம் மாவட்ட நிர்வாகத்திடம் இருக்க வேண்டும் என்று 1989 விதிகள் சொல்கின்றன. ரசாயன விபத்துகளுக்கான 1996 விதிகளின்படி கலெக்டர் தலைமையில் மாவட்ட நெருக்கடிக் குழுவும் உண்டு. உங்கள் பஞ்சாயத்தில் கேட்டுப் பாருங்கள், நாங்களும் இங்கே கேட்கிறோம்.

சாவடி டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு இடம் யோசித்துவிட்டேன். தெற்கே கோயில் மேடு, வடக்கே பள்ளி மைதானம். ஆனால் மைதானத்துக்கு ரயில் பாதையைத் தாண்ட வேண்டும். அப்புறம், சேதி கேட்டால் பெற்றோர்கள் எல்லோரும் பைக்கில் பாய்ந்து வருவார்களே?

ஓய்வுபெற்ற தீயணைப்போர்:

தண்டவாளத்தைத் தாண்டும் இடம் வேண்டாம். அந்தத் தடத்தில் வண்டி நிற்காமல் போய்க்கொண்டிருக்கும், இரண்டு பேரால் இருபது பிள்ளைகளைக் கடத்த முடியாது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமே வேறு இடம் பாருங்கள். பிள்ளைகள் பிடித்து நடக்க ஒரு நீளக் கயிறு வாங்கி, கைக்கு ஒரு முடிச்சுப் போட்டு வையுங்கள். கொடிக் கம்பத்தில் பழைய சேலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டால் காற்று எங்கே போகிறது என்று ஆயாம்மாவே பார்த்துச் சொல்வார்.

பெற்றோர் விஷயம்தான் முக்கியம். கேஸ் பரவிய இடத்தில் ஒரு பைக் இன்ஜின் போதும், தீப்பிடிக்க. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இரண்டு இடங்களையும் காட்டி, "அங்கன்வாடிக்கு வராதீர்கள், இந்த இரண்டில் எது என்று வாட்ஸ்ஆப்பில் சொல்வேன், சுற்று வழியில் அங்கே வாருங்கள்" என்று சொல்லிக் கையெழுத்தும் வாங்குங்கள். பக்கத்து தீயணைப்பு நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் ஒத்திகைக்கு ஆள் அனுப்புவார்கள். சமையல் நேரத்தில் வரச் சொல்லுங்கள், அடுப்பை அணைப்பதிலிருந்து தொடங்கட்டும்.